இல்லத் தொழிலும் பொழுதுபோக்கும்: வீட்டில் பியர் காய்ச்சுதலின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வரலாறு எழுதப் புகுந்தோர் போர்க்களத்துக்கும் அரண்மனைக்கும் அளித்த இடத்தை அடுப்படிக்கு நெடுங்காலம் அளித்தாரல்லர். உணவும் உடையும் உறையுளும் வரலாற்றாய்வுக்குரிய பொருள்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டது இருபதாம் நூற்றாண்டிலேயே எனலாம். பானங்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ஒருபுறம் ஒழுக்கநெறியாளரின் கண்டனம், மறுபுறம் வணிகரின் விளம்பரம். இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டு, ஒரு சமூகம் தன் பானத்தை எவ்வாறு ஆக்கிற்று, யார் ஆக்கினர், யார் அவ்வுரிமையை இழந்தனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படாமலே போயின. குடியைப் புகழ்வதோ இகழ்வதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. வீடுதோறும் நடைபெற்ற ஓர் உற்பத்தி வீட்டைவிட்டு வெளியேறி ஆலைக்குள் புகுந்த வரலாற்றையும், அது பின்னர் பொழுதுபோக்கு என்னும் புதுப் பெயருடன் வீட்டுக்குத் திரும்பிய வரலாற்றையும், சிறப்பாக இங்கிலாந்தையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளையும் வைத்து நோக்குவதே இதன் எல்லை.

'காய்ச்சுதல்' என்னும் சொல்லைப் பற்றி முதலில் ஒரு விளக்கம் வேண்டும். நம் நாட்டுப் பேச்சு வழக்கில் இச்சொல்லைக் கேட்டதும் கசிப்பே நினைவுக்கு வரும். ஆனால் பியர் வடித்திறக்கப்படும் பானமன்று. அது நொதித்தலோடு நின்றுவிடுவது. நொதித்த நீர்மத்தை ஆவியாக்கி மீண்டும் ஒடுக்கும்போது பெறப்படுவதே சாராயம். வீட்டில் பியர் ஆக்குவதற்கு இசைவளித்த பிரித்தானியாவும் அமெரிக்காவுங்கூட வீட்டில் சாராயம் வடிப்பதை இன்றுவரை அனுமதிக்கவில்லை. பண்டைத் தமிழ் வழக்கில் இதற்கு நேரான சொல் 'அடுதல்' என்பதாகும். பெரும்பாணாற்றுப்படையைக் கற்றோர், இல்லத்தில் அடப்பெற்ற தோப்பி என்னும் நெற்கள் பற்றிய குறிப்பை அறிவர். அரிசிக் களியை வாயகன்ற கலத்தில் ஆற்றி, அடை சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடும் முறையும் அந்நூலிலேயே கூறப்படுகிறது. தானியத்திலிருந்து இல்லத்திலே பானம் ஆக்கும் தொழில் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பதற்கு இது போதும். இனி நம் பொருள் செல்லும் இடம் வேறு.

பியரின் ஆக்கமுறை தோற்றத்தில் எளியது. வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைகட்டி, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்தினால் மால்ற் கிடைக்கும். முளைத்த தானியத்தில் மாப்பொருளை வெல்லமாக மாற்றவல்ல நொதியங்கள் தோன்றியிருக்கும். அதை உடைத்து ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வெந்நீரில் வைத்திருந்தால் மாப்பொருள் வெல்லமாகும். அந்த இனிய சாற்றை வடித்து, கசப்பையும் மணத்தையும் கெடாத்தன்மையையும் தருகின்ற ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு மதுவம் இடுவர். மதுவம் வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கும். இன்றைய பொழுதுபோக்காளர் ஒருவர் நான்கைந்து கிலோகிராம் மால்ற்றைக் கொண்டு இருபது லீற்றர் அளவில் ஆக்கி, இரண்டு வாரங்கள் நொதிக்கவிட்டுப் போத்தல்களில் அடைப்பார். வகைகள் எல்லாம் இந்த அடிப்படையின் வேறுபாடுகளே. மால்ற்றைக் கருக வறுத்தால் போர்ட்டர், ஸ்ரவுட் ஆகிய கரிய பியர்கள்; இளஞ்சூட்டில் உலர்த்தினால் வெளிறிய ஏல். அறை வெப்பநிலையில் ஒருவகை மதுவம் ஆக்குவது ஏல். பத்துப் பாகையை அண்டிய குளிரில் வேறொரு வகை மதுவம் மெல்ல ஆக்குவது லாகர். ஆக, நெருப்பு, நீர், தட்பவெப்பம், அயலில் விளையும் தானியம் ஆகியவற்றின் வேறுபாடே பியர் வகைகளின் வேறுபாடாயிற்று. ஊருக்கு ஊர் சுவை மாறியதன் காரணமும் இதுவே.

இத்தொழிலின் தொன்மையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பியருக்கெனச் சுமேரியர் நிங்காசி என்னும் பெண் தெய்வத்தை வழிபட்டனர். அத்தெய்வத்தைப் போற்றும் பாடல் ஒன்று கி.மு. 1800 ஆம் ஆண்டளவைச் சேர்ந்த களிமண் பலகைகளில் கிடைத்துள்ளது. தெய்வம் பெண்ணாக இருந்தது தற்செயலன்று என்பது மட்டும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மேற்கு நோர்வேயில் வழங்கிய குலாத்திங் சட்டம் நமக்கு அதனினும் பயனுள்ள சான்றாகும். இடைக்காலத்தில் எழுத்து வடிவம் பெற்ற அச்சட்டம், பண்டிகைக் காலத்துக்கென ஒவ்வொரு குடியானவனும் பியர் ஆக்கவேண்டும் என விதித்தது. தவறியவன் தண்டம் இறுக்கவேண்டும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தவறியவன் தன் உடைமைகளை இழப்பான். பாதி அரசனுக்கு, பாதி ஆயருக்கு. வீட்டிலே பியர் காய்ச்சுதல் குற்றமாக இருந்த காலத்தை நாம் அறிவோம். காய்ச்சாமை குற்றமாக இருந்த காலமும் உண்டு. ஒரே செயல் கடமையாகவும் பின் குற்றமாகவும் பின் பொழுதுபோக்காகவும் மாறுமாயின், மாறியது அச்செயலன்று. அதைச் சூழ்ந்திருந்த பொருளியல் உறவுகளும் அரசின் தேவைகளுமே எனக் கொள்ளவேண்டும்.

இங்கிலாந்தின் சான்றுகள் மிகுதியானவை. பதினான்காம் நூற்றாண்டில் அங்கு வழங்கிய பானம் ஹொப்ஸ் சேராத ஏல். அது சில நாள்களிலே புளித்துவிடும். தொலைவுக்குக் கொண்டுசெல்ல இயலாது. ஆதலின் அடிக்கடி சிறிது சிறிதாக ஆக்கவேண்டியிருந்தது. இதனைச் செய்தவர் பெரும்பாலும் பெண்களே. ரொட்டி சுடுவதும் பால் கறப்பதும் போல இதுவும் மனையாளின் வேலை. தன் வீட்டுத் தேவைக்கு மிஞ்சியதை அயலாருக்கு விற்று நாலு காசு சேர்த்தவர்களும் அவர்களே. ஏல் விலையையும் தரத்தையும் ஒழுங்குபடுத்தப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அரச கட்டளை பிறந்தது. அதை மீறியவர்களிடமிருந்து தண்டம் அறவிட்ட மன்றங்களின் பதிவேடுகளே இப்பெண்களின் பெயர்களை நமக்குப் பேணித் தந்துள்ளன. வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று. உழைத்ததற்காக அல்லாது தண்டம் கட்டியதற்காகவே அவர்கள் நினைவுகூரப்படுகின்றனர்.

இப்பதிவேடுகளை ஆராய்ந்து 1996 இல் விரிவான நூலொன்றை வெளியிட்ட ஜூடித் பெனற் என்னும் வரலாற்றாசிரியர், 1300 இல் பெண்கள் கையிலிருந்த தொழில் 1600 அளவில் ஆண்கள் கைக்கு மாறிய வகையைக் காட்டியுள்ளார். காரணம் பெண்களின் திறமைக் குறைவன்று. 1348 - 49 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய்க்குப் பின் எஞ்சியோர் கூடிய கூலி பெற்றனர். ஏல் நுகர்வு உயர்ந்தது. 1400 ஆம் ஆண்டை அண்டி, நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து ஹொப்ஸ் சேர்ந்த பியர் வந்தது. அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கெடாது. கெடாத பொருளைப் பெரிய அளவில் ஆக்கலாம், கப்பலேற்றலாம், படைகளுக்கு வழங்கலாம். ஆனால் அதற்குப் பெரிய செப்புக் கலங்களும் கூடிய விறகும் முதலும் கடன் வசதியும் தொழிற்சங்க உறுப்புரிமையும் வேண்டும். மணமான பெண் தன் பெயரில் கடன் பெறுதற்கோ ஒப்பந்தம் செய்தற்கோ சட்டம் இடந்தராத சமூகத்தில் இவையெல்லாம் ஆணுக்கே வாய்த்தன. ஒரு பூங்கொடியின் வரவு ஓர் உழைப்புப் பிரிவினையையே புரட்டிவிட்டது என்பது மிகைக் கூற்றாகத் தோன்றலாம். கொடி வாயிலைத் திறந்தது. உள்ளே புகுந்தது மூலதனம் என்பதே பொருந்தும்.

எனினும் விற்பனைக்கான உற்பத்தி கைமாறிய பின்னரும் வீட்டுத் தேவைக்கான உற்பத்தி நிலைத்தே இருந்தது. 1577 இல் வெளிவந்து 1587 இல் விரிவாக்கப்பட்ட தமது நூலில் வில்லியம் ஹரிசன் என்னும் பாதிரியார், தம் மனைவியும் பணிப்பெண்களும் மாதம் ஒருமுறை பியர் ஆக்கும் முறையை மால்ற்றின் அளவு, விறகின் விலை உட்பட வருணித்துள்ளார். இருபது ஷில்லிங் செலவில் இருநூறு கலனுக்கு மேற்பட்ட பியர் கிடைத்ததெனக் கணக்கும் காட்டுகிறார். கணக்கை எழுதியவர் கணவர். கலத்தைக் கிண்டியவர் மனைவி.

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் எழுந்த போர்ட்டர் ஆலைகளோடு பியர் பேருற்பத்திப் பொருளாயிற்று. சுமைதூக்குவோர் விரும்பிக் குடித்தமையால் அப்பெயர் பெற்ற அக்கரிய பியர், மாதக்கணக்கில் முதிர வைக்கப்படவேண்டியது. ஆதலால் பெரும்பெரும் மரத்தொட்டிகள் எழுந்தன. அவற்றின் பேரளவை ஒரு துயர நிகழ்ச்சி காட்டும். 1814 ஒக்ரோபர் 17 ஆம் நாள் இலண்டனில் மியூ நிறுவனத்தின் ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்துச் சரிந்தது. பெருகிய பியர் வெள்ளம் அயலிலிருந்த ஏழைகளின் குடியிருப்புகளைத் தகர்த்தது. பெண்களும் சிறுவருமாக எட்டுப் பேர் மாண்டனர். மனையாளின் பானையிலிருந்து இத்தொட்டி வரையுள்ள தொலைவே நாம் கூறும் பொருளியல் மாற்றத்தின் தொலைவு.

அறிவியலும் இம்மாற்றத்துக்குத் துணைநின்றது. சாற்றின் அடர்த்தியை அளக்கும் திரவமானியைப் பியர் ஆக்கத்தில் பயன்படுத்தும் முறை பற்றி ஜோன் ரிச்சாட்சன் 1784 இல் நூல் வெளியிட்டார். அளந்து பார்த்தபோது, போர்ட்டருக்குப் பயன்பட்ட கபிலநிற மால்ற்றைவிட வெளிறிய மால்ற் கொடுத்த விலைக்குக் கூடுதலான வெல்லத்தைத் தருவது தெரிந்தது. 1817 இல் டானியல் வீலர் மால்ற்றைக் கரியாகாமல் கறுப்பாக வறுக்கும் உருளைக் கலத்துக்கு உரிமம் பெற்றார். அதன்பின் வெளிறிய மால்ற்றில் சிறிது கறுப்பு மால்ற்றைக் கலந்து நிறமூட்டினால் போதுமென்றாயிற்று. பெயர் போர்ட்டராகவே இருந்தது, உள்ளீடு மாறிவிட்டது. ஒரு கருவியின் கணக்கு ஒரு பியர் வகையையே உருமாற்றிய இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி வரியின் கதை. 1643 இல் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக ஆங்கிலப் பாராளுமன்றம் ஏல், பியர் முதலியவற்றின் மீது மதுவரி விதித்தது. 1697 இல் மால்ற்றின் மீதே வரி வந்தது. இது நுட்பமான மாற்றம். விற்காமல் தன் வீட்டுக்கே ஆக்குபவனும் இப்போது மால்ற் வாங்கும்போதே வரி செலுத்தினான். 1830 இல் பியர் மீதான வரி நீக்கப்பட்டபோதும் மால்ற் வரி நீக்கப்படவில்லை. ஆலைப் பியரைக் கடையில் வாங்கிக் குடித்தவனுக்கு ஆறுதல் கிடைத்தது. தானே ஆக்கிக்கொண்டவனுக்குக் கிடைக்கவில்லை.

இக்கொடுமையை உரத்துக் கூறியவர் வில்லியம் கொபெற். உழவர் குடும்பத்திற் பிறந்த இப்பத்திரிகையாளர் 1821 - 22 இல் பகுதி பகுதியாக வெளியிட்ட 'குடிசைப் பொருளாதாரம்' என்னும் நூலின் தொடக்கத்திலேயே பியர் ஆக்கத்தை எடுத்துக்கொண்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொழிலாளி ஒவ்வொருவனும் தன் வீட்டிலே பியர் ஆக்கினான், இப்போது அநேகமாக எவனும் ஆக்குவதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. மால்ற் வரி, ஹொப்ஸ் வரி, வீழ்ந்த கூலி ஆகியவற்றை அவர் காரணமாகக் காட்டினார். அத்துடன் தேயிலையையும் கடுமையாகச் சாடினார். பியரின் இடத்தைப் பிடித்துக்கொண்ட தேநீர் உடலுக்கு வலுவூட்டாது, நேரத்தையும் விறகையும் வீணாக்கும் என்பது அவர் வாதம். அவர் சாடியது சீனத் தேயிலையை. இலங்கை மலைநாட்டில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1867 இல்தான். கொபெற்றின் தேநீர் வெறுப்பு நமக்கு வேடிக்கையாகப்படலாம். ஆயினும் தன் தோட்டத்துத் தானியத்தில் தானே ஆக்கிய பானத்தை விட்டு, கடல்கடந்து வரும் பொருளைக் காசு கொடுத்து வாங்கும் நிலைக்குத் தொழிலாளி தள்ளப்பட்டான் என்னும் அவரது அடிப்படைக் கருத்தைத் தள்ளிவிட முடியாது. பின்னாளில் அக்கடல்கடந்த தேயிலையைக் கொய்தவர்கள் யார் என்பதை இவ்விதழின் வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை.

1880 இல் பிரதமர் கிளாட்ஸ்ரன் மால்ற் வரியை ஒழித்து, நொதிக்குமுன் சாற்றின் அடர்த்தியை அளந்து பியர் மீது வரி விதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். உழவர்கள் இதனை வரவேற்றனர். ஆனால் இதனோடு, வீட்டில் ஆக்குவோரும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற விதியும் வந்தது. உரிமையாக இருந்தது இவ்வாறு சலுகையாயிற்று. எண்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்விதி சட்டப்புத்தகத்தில் கிடந்தது. 1963 ஏப்பிரலில், நிதியமைச்சர் றெஜினால்ட் மோட்லிங் தமது வரவுசெலவுத் திட்டத்தில் அதனை நீக்கினார். விற்பனை செய்யாதவரை எவரும் எவ்வளவும் வீட்டில் ஆக்கலாம் என்றாயிற்று. அவ்வாண்டுப் பாராளுமன்ற அலுவல்களுள் இது மிகச் சிறிய செய்தி. விளைவோ சிறிதன்று.

ஏனெனில் 1963 இல் வீட்டுக்குத் திரும்பிய தொழில், வீட்டைவிட்டுச் சென்ற தொழிலன்று. தாயிடமிருந்து மகள் கற்ற தொடர்ச்சி பெரும்பாலான இடங்களில் அறுந்துவிட்டிருந்தது. புத்தகத்திலிருந்தே கற்கவேண்டியிருந்தது. அன்டோவர் என்னும் சிற்றூரிலிருந்து வைன் ஆக்குவோருக்கென இதழ் நடத்திய பெரி என்பவர் அவ்வாண்டிலேயே வீட்டுப் பியர் பற்றி நூல் வெளியிட்டார். 1974 இல் டேவ் லைன் எழுதிய பெருநூல், தகர டப்பாவில் வரும் மால்ற்ப் பாகை நம்பியிராமல் தானியத்திலிருந்தே தொடங்கும் முறையைச் சாதாரண வாசகனுக்கு விளக்கிற்று. பூட்ஸ் என்னும் மருந்துக் கடைகளில் பியர் ஆக்கும் பொருள்கள் பொதியாக விற்கப்பட்டன. மலிவாகக் குடிக்கலாம் என்பதே பலருக்குத் தூண்டுதல் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அதே காலத்தில் பெருநிறுவனங்கள் சிற்றாலைகளை வாங்கி மூடி, வடிகட்டி வாயு ஏற்றிய ஒரே சுவைப் பியரை நாடெங்கும் பரப்பின. அதை எதிர்த்து 1971 இல் மரபுவழி ஏலைக் காக்கும் நுகர்வோர் இயக்கம் ஒன்று தோன்றிற்று. கடையிற் கிடைக்காத சுவையை வீட்டிலே ஆக்கிக்கொள்ளும் முயற்சி இவ்வெதிர்ப்பின் மறுபக்கமாகும்.

இங்கு குறிப்பிடத்தக்கது டேர்டன் பார்க் வட்டம் என்னும் சிறு பொழுதுபோக்காளர் குழு. இவர்கள் பழைய ஆலைகளின் கணக்கேடுகளையும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களையும் தேடிப் படித்து, மறைந்துபோன பியர் வகைகளை வீட்டு அடுப்பில் மீட்டெடுக்க முனைந்தனர். கடையில் எளிதிற் கிடைக்காத கபிலநிற மால்ற்றை வெளிறிய மால்ற்றிலிருந்து தாமே வறுத்து எடுத்தனர். தம் கண்டறிதல்களை 1976 இல் சிறு நூலாகவும் வெளியிட்டனர். ரிச்சாட்சனின் திரவமானி மாற்றிவிட்ட போர்ட்டரை இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்றவர்கள் இவர்கள். அயர்லாந்தில் கின்னஸ் நிறுவனம் தன் போர்ட்டரை நிறுத்தியது 1973 இல். ஆலை கைவிட்ட அக்காலப்பகுதியிலேயே அடுப்படி அதை மீட்க முனைந்தது. பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் எவரும் அந்நாளில் இதனை ஓர் ஆய்வாக மதித்தாரல்லர். ஆயினும் மூல ஆவணத்தைப் படித்து, அதன் கூற்றைச் செய்து பார்த்துச் சோதிப்பதைவிட மேலான வரலாற்று முறை எது என்று கேட்கத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் பாதை வேறு. அங்கு 1920 சனவரியில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு, ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த ஆலைகளின் தொழிலை நிறுத்திற்று. ஆனால் ஹொப்ஸ் சேர்ந்த மால்ற்ப் பாகு, ரொட்டி சுடுவதற்கெனக் கூறப்பட்டு மளிகைக் கடைகளில் தாராளமாக விற்பனையாயிற்று. ஹொப்ஸின் கசப்பில் ரொட்டி சுட்டவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்நாளைய வீட்டுப் பியர் பெரும்பாலும் சீனி கலந்த, மதுவ நாற்றம் வீசும் பானமே. வீட்டுப் பியருக்கு நெடுங்காலம் நிலவிய கெட்ட பெயர் இக்காலத்தில் வந்ததாகும்.

1933 இல் மதுவிலக்கு நீக்கப்பட்டபின் வீட்டில் வைன் ஆக்குவதற்கு இசைவு கிடைத்தது. குடும்பத் தலைவர் ஒருவர் ஆண்டுக்கு 200 கலன் வரியின்றி ஆக்கலாம். பியருக்கு அவ்விசைவு கிடைக்கவில்லை. எழுத்தர் ஒருவர் 'பியர்' என்னும் சொல்லைத் தவறவிட்டதே காரணம் என்றொரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கதை சுவையானதே. ஆனால் 1919 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்திலேயே வீட்டில் ஆக்கும் பழச்சாற்றுக்குச் சலுகை இருந்தது, மால்ற் பானத்துக்கு இல்லை. திராட்சை விளைவித்த விவசாயிகளுக்குப் பாராளுமன்றத்தில் குரல் இருந்தது. அடுப்படியில் பியர் ஆக்கியவருக்கு இருக்கவில்லை. விடையை எழுத்தரின் மறதியில் தேடுவதைவிட இங்கே தேடுவதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

தடை நீங்கியது 1978 இல். கலிபோர்னியாவின் செனற்றர் அலன் கிரான்ஸ்ரன் முன்வைத்த திருத்தம், பாரவூர்திகள், பேருந்துகள், உழவு இயந்திரங்கள் ஆகியவற்றின் வரி பற்றிய சட்டமூலம் ஒன்றோடு இணைக்கப்பட்டது. சனாதிபதி ஜிமி காட்டர் ஒக்ரோபர் 14 ஆம் நாள் ஒப்பமிட்டார். 1979 பெப்ரவரி முதல், வளர்ந்தவர் ஒருவர் ஆண்டுக்கு 100 கலனும், வளர்ந்தவர் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீட்டில் 200 கலனும் ஆக்கலாம் என்றாயிற்று. இறுதி அதிகாரம் மாநிலங்களிடமே இருந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 இல்தான் இசைந்தன.

சட்டம் மாறுமுன்பே மனிதர் மாறிவிட்டனர் என்பதற்கு இங்கும் சான்றுண்டு. போட்லண்டில் வாழ்ந்த பிரெட் எக்காட் லாகர் ஆக்கும் முறை பற்றிய கைந்நூலை 1970 இலேயே வெளியிட்டார். லொஸ் ஏஞ்சலிசில் 1974 இல் பொழுதுபோக்காளர் சங்கம் ஒன்று வெளிப்படையாகவே தொடங்கப்பட்டது. வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் அணுக்கருப் பொறியியல் பயின்ற சார்லி பப்பாசியன் கொலராடோவின் போல்டர் நகரில் 1973 முதல் வீட்டுப் பியர் வகுப்புகள் நடத்தினார். 1978 டிசம்பரில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து தேசிய அளவிலான சங்கம் ஒன்றை நிறுவி இதழும் தொடங்கினார். 1984 இல் வெளிவந்த அவரது நூல் அஞ்சுபவனின் அச்சத்தைப் போக்கும் நடையில் அமைந்தது. அறிவியல் வழுவாது, அச்சுறுத்தாது எழுதப்பட்ட நூல்கள் எத்துறையிலும் அரியவை. பாடநூல் எழுதும் நம் விரிவுரையாளர்கள் ஒருமுறை புரட்டிப்பார்க்கலாம்.

இன்னொருவர் ஜக் மக்கோலிப். அமெரிக்கக் கடற்படையாளராக ஸ்கொத்லாந்தில் பணியாற்றியபோது அங்கு கிடைத்த ஏலின் சுவையில் ஈடுபட்டு, கிளாஸ்கோவில் ஒரு பூட்ஸ் கடையில் ஆக்கும் பொதியை வாங்கினார். 1976 இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் பழைய உருளைகளையும் பால்பண்ணைக் கலங்களையும் கொண்டு தம் கையாலே சிற்றாலை ஒன்றை அமைத்தார். 1982 இல் அது மூடப்பட்டது. போதிய முதல் கிடைக்கவில்லை. ஆனால் அவரைப் பார்த்துத் துணிந்தவர் பலர். சீக்கோ நகரில் பொழுதுபோக்காளருக்கான கடை நடத்திவந்த கென் குரொஸ்மன் 1980 இல் உற்பத்தி தொடங்கிய சியெரா நெவாடா ஆலை அவற்றுள் நிலைத்தது. 1963 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்திருத்தம் மருந்துக்கடைப் பொதியொன்றின் வழியே கலிபோர்னியாவைச் சென்றடைந்தது எனின் மிகையாகாது. 1970களின் இறுதியில் அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கும் குறைவான ஆலைகளே எஞ்சியிருந்தன. இன்று ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவை உள. அவற்றைத் தொடங்கியோருள் பெரும் பகுதியினர் வீட்டு அடுப்பில் பழகியவர்களே.

'வகை' என்னும் கருத்தும் இக்காலத்திலேயே ஒழுங்குபெற்றது. ஆங்கிலப் பத்திரிகையாளர் மைக்கேல் ஜக்சன் 1977 இல் வெளியிட்ட நூல் உலகப் பியர்களை வகை வகையாகப் பிரித்து விளக்கிற்று. நுவரெலியாவிற் காய்ச்சப்பட்ட கரிய ஸ்ரவுட்டை அவர் பின்னர் பாராட்டி எழுதியமை நம்மவர் சிலருக்கு வியப்பளிக்கலாம். தாய்நாட்டில் அருகிய வலிய ஸ்ரவுட் வகை குடியேற்ற நாடொன்றின் மலையுச்சியிற் பிழைத்திருந்தது. அமெரிக்கப் பொழுதுபோக்காளர் இவ்வகுப்பை ஏற்று, போட்டிகளுக்கென நிறம், கசப்பு, அடர்த்தி ஆகியவற்றை எண்களால் வரையறுத்தனர். 1985 இல் நடுவர்களுக்குத் தேர்வு வைக்கும் அமைப்பும் தோன்றிற்று. இதில் ஒரு முரண் உண்டு. ஊரும் நீரும் விறகும் தந்த வேறுபாடு இப்போது அட்டவணையிற் பார்த்துத் தெரிவுசெய்யும் பொருளாயிற்று. செக் நாட்டுப் பில்சன் நகரின் மென்னீரை, டென்வரிலுள்ள ஒருவர் உப்புகளை நிறுத்துக் கலந்து தம் வீட்டில் ஆக்கிக்கொள்கிறார். இழந்ததை மீட்கும் வழியும், வேரிலிருந்து பிரிக்கும் வழியும் ஒன்றாகவே இருந்தன.

வேறொன்றும் கூறவேண்டும். இம்மீட்சியில் நாம் குறிப்பிட்ட பெயர்கள் யாவும் ஆண்களின் பெயர்கள். பொறியியலாளர், ஆசிரியர், கடற்படையாளர். ஓய்வு நேரமும் ஒதுக்கிடமும் சிறிது காசும் உடையவர்கள். ஹரிசனின் மனைவி மாதந்தோறும் செய்ததை எவரும் பொழுதுபோக்கு என்று அழைக்கவில்லை. அவருக்கு அது பொழுதைப் போக்கும் செயலன்று. பொழுதைத் தின்னும் வேலை. கட்டாயம் நீங்கிய உழைப்பே பொழுதுபோக்காகிறது. கட்டாயம் நீங்கியபோது அவ்வுழைப்பில் முன்பு ஈடுபட்டவர்கள் அங்கு இல்லை. இவ்வியக்கத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் கடந்துபோகின்றனர்.

தொடர்ச்சி முற்றிலும் அறாத இடங்கள் சிலவும் உண்டு. மேற்கு நோர்வேயின் பண்ணை வீடுகளில், குலாத்திங் சட்டம் வழக்கொழிந்த பின்னும், தலைமுறை தலைமுறையாக ஒரே மதுவத்தைப் பேணிவந்தனர். அதனை அவர்கள் குவைக் என்பர். மர வளையங்களிலும் துணியிலும் தோய்த்து உலர்த்தி அடுத்த முறைக்கு வைத்திருப்பர். ஒரு வீட்டில் கெட்டால் அயல் வீட்டில் வாங்குவர். நம் வீடுகளில் தயிருக்கு உறை வாங்குவது போன்ற வழக்கம். லார்ஸ் மாரியுஸ் கார்சோல் என்னும் நோர்வேப் பொழுதுபோக்காளர் பண்ணை பண்ணையாகச் சென்று இம்முறைகளைப் பதிவுசெய்தார். 2020 இல் அவரது நூல் வெளிவந்தது. 2018 இல் வெளியான மரபணு ஆய்வு, இம்மதுவங்கள் ஏனைய பியர் மதுவங்களிலிருந்து வேறுபட்ட தனிக் குழுவென நிறுவியது. சாதாரண ஏல் மதுவம் இருபது பாகையளவில் இயங்க, இவை முப்பதைக் கடந்து நாற்பதை அண்டிய வெப்பத்திலும் சுவை கெடாது நொதிக்கவல்லன. வெப்ப நாடுகளின் பொழுதுபோக்காளருக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குவதைக் குற்றமாக்கியிருப்பதால், இவ்வாய்ப்பு நம்மிடம் வெறும் நூற்செய்தியே.

இன்று குவைக் மதுவத்தை வணிக ஆய்வுகூடங்கள் பொதி செய்து உலகெங்கும் விற்கின்றன. அயலாரிடம் காசின்றிப் பெற்று, கேட்டவர்க்குக் காசின்றிக் கொடுத்த பண்ணை வீட்டாருக்கு அவ்விற்பனையில் என்ன உரிமை உண்டு என்னும் வினா எழுந்துள்ளது. அம்மதுவத்தைப் பல தலைமுறைகள் காத்தவர்களின் பெயர்களைப் பதிவுசெய்ய அங்கு தண்ட மன்றங்களும் இருக்கவில்லை.